அவுட்பாஸும் குச்சிக்கிழங்கும்

முதல் நாள்

எங்கள் விடுதியின் அவுட்பாஸ் நோட்டில் நான்கு கட்டங்கள்: பெயர், போகுமிடம், காரணம், திரும்பும் நேரம். ஆடிப் பண்டிகைக்காகக் கல்லூரிக்கு ஐந்து நாள் விடுமுறை விட்டதும், எல்லாப் பெண்களும் காரணக் கட்டத்தில் 'சொந்த ஊர்' என்று எழுதிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். என் சொந்த ஊர் மலேசியாவில் இருக்கும் சுங்கை சிப்புட். ஐந்து நாளில் போய்வருகிற தூரமா அது? 'சும்மா' என்று எழுதினேன். வார்டன் அம்மா அதை அடித்துவிட்டு 'கோயில்' என்று திருத்தினார். அதனால் கோயிலுக்குப் போனேன்.

ஓமியோபதி படிக்கச் சேலத்துக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. இதுவரை நான் பார்த்த சேலம் என்பது கல்லூரி, விடுதி, ஜெராக்ஸ் கடை, ஜங்ஷன் பக்கத்து பேக்கரி. போனில் அப்பா கேட்பார், "அங்க என்னதான்மா பார்த்த?" என்று. பதில் இருக்காது. இந்த ஐந்து நாளும் பார்ப்பதை அன்றன்றைக்கே எழுதிப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விடுதியில் மிஞ்சியது இரண்டே பேர். நானும், ஷில்லாங்கிலிருந்து படிக்க வந்திருக்கும் என் வகுப்புப் பெண்ணும். அவளுக்குத் தமிழில் இருபது சொல் தெரியும். அதில் பாதி சாப்பாடு.

பழைய பஸ் நிலையத்துக்கு டவுன் பஸ் ஏறிக் காசை நீட்டினேன். கண்டக்டர் சீட்டைக் கையில் வைத்துக் காசைத் திருப்பித் தந்தார். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் அது இந்த நாட்டுப் பெண்களுக்கு என்று நினைத்துத்தான் பத்து மாதமாக ஆட்டோவுக்கு அழுதுகொண்டிருந்தேன். "நான் மலேசியாங்க" என்றேன். "பொம்பளப் புள்ளதானம்மா? உள்ள போ" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்டோவுக்குக் கொடுத்த காசில் இரண்டு சேலை வாங்கியிருக்கலாம்.

கோட்டை மாரியம்மன் கோயில் ஆடியில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எட்டுப் பேட்டையையும் கட்டியாளும் அம்மன் என்கிறார்கள். எட்டுப் பேட்டை ஜனமும் ஒரே வாசலில் நுழையப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஈரச் சேலையோடு ஒரு அம்மா தரையில் உருண்டு வர, அவர் மகள் கூடவே நடந்து அவர் தலை கல்லில் இடிக்காமல் கையைக் கொடுத்துக்கொண்டே வந்தாள். உருளுதண்டம். எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்குத் தீமிதி உண்டு, இது இல்லை. (தோட்டம் என்றால் எங்கள் ஊரில் ரப்பர் தோட்டம். கத்தரிக்காய் காய்க்கிற தோட்டம் அல்ல.) ஷில்லாங்காரி வேப்பிலையை வாயில் போட்டு மென்றுவிட்டு முகத்தைச் சுளித்தாள். மென்று தின்னும்படி சொன்னது யார் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம்.

வெளியே வந்ததும் பசி. ஒரு தள்ளுவண்டிக்காரரிடம், "அண்ணே, பசியாற என்ன இருக்கு?" என்றேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் சொல். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சிலோனா?" என்றார். மலேசியா என்றேன். "அதான் பேச்சு புஸ்தகமாட்டம் இருக்கு."

அவர் தந்தது தட்டுவடை செட். மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: உள்ளங்கையில் பாதி அளவு இருக்கும் மொறுமொறுப்பான தட்டுவடை. அதன்மேல் பச்சையும் சிவப்புமாக இரண்டு சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து மூடி, அப்படியே வாய்க்குள் தள்ள வேண்டும். கடித்துத் தின்னப் பார்த்தால் பீட்ரூட் சுடிதாருக்குத்தான் போகும். என்னுடையதற்குப் போனது. தூளாக நொறுக்கிக் கலந்து தருவதற்கு 'நொறுக்கல்' என்று பெயர். ஷில்லாங்காரியின் இருபத்தோராவது தமிழ்ச் சொல் அதுதான்.

இரண்டாம் நாள்

அவுட்பாஸில் எழுதியது: தாரமங்கலம், கோயில், மாலை 6 மணி.

எண்ணமும் அதுதான். அங்கே கைலாசநாதர் கோயிலில், இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலியார்கள் காலத்துத் தூண்கள் இருக்கின்றன. ராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலியின் தூணிலிருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டான் என்று எங்கள் உடற்கூறு ஆசிரியர் ஒருநாள் பாடத்தை விட்டுவிட்டு அரை மணி நேரம் சொன்னார். அதைப் பார்க்கத்தான் புதிய பஸ் நிலையம் போனோம். பக்கத்தில் ஏற்காடு பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இரண்டு இடம் காலி. ஷில்லாங்காரி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஏறிவிட்டோம். ஏற்காட்டிலும் கோயில் இருக்கிறதே என்பது பஸ் நகர்ந்த பிறகு எனக்கு வந்த சமாதானம்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு ஒரு நொடி தெரிந்து மறைந்தது. 1930-களில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கி நூறு படத்துக்கு மேல் எடுத்த ஸ்டூடியோவில் மிஞ்சியிருப்பது அந்த முகப்பு மட்டும்தான். தோட்டத்து மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டதையும், பாய் விரித்து இடம் பிடித்ததையும் பாட்டி இன்னும் சொல்வார். நடிகர் பெயர் மறந்துவிட்டது, கம்பெனி பெயர் மறக்கவில்லை. போட்டோ எடுப்பதற்குள் பஸ் போய்விட்டது. பாட்டி, மன்னிக்கவும்.

மலையில் இருபது கொண்டை ஊசி வளைவு. பன்னிரண்டு வரை எண்ணினேன். அதற்கு மேல் கண்ணை மூடிக்கொள்வதுதான் மரியாதை. ஷில்லாங்காரியோ மலைக்காரி, காலை ஆட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டாள். மேலே இறங்கியபோது சாரலும் மூட்டமும். கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டர் உயரம், எங்கள் கேமரன் மலை மாதிரியான குளிர். ஆனால் அங்கே மரத்தை எல்லாம் வெட்டித் தேயிலையை வாரிவிட்டது போல் மலை மொட்டையாக இருக்கும். இங்கே காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும் என்பதால் சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன, அவற்றின்மேல் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. தோட்டம் காடு மாதிரியே இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் கொண்டுவந்த செடி இது. ஆடியில் காய் எல்லாம் பச்சை, பழுத்துப் பறிக்கக் கார்த்திகை ஆகும்.

ஏரியில் படகு விட வரிசை நீளம், விட்டுவிட்டோம். ஆர்க்கிட் பூங்காவுக்குப் போனோம். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் நடத்துவது. வாசலில் இருந்தவர் என்னிடம் தமிழில் பேசிவிட்டு, ஷில்லாங்காரியிடம் ஆங்கிலத்தில், "நீங்கள் எந்த நாடு?" என்றார். எங்கே போனாலும் இதே கூத்துதான். அவள் இந்தியக் குடிமகள், நான்தான் விசாவில் இருப்பவள். அவளிடம் பாஸ்போர்ட் கேட்பார்கள், என்னிடம் வழி கேட்பார்கள். முன்பெல்லாம் நான் திருத்துவேன். இப்போது தெரிந்த வழியைச் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே ஆர்க்கிட்களைவிட ஒரு குடுவைச் செடிதான் எங்களைப் பிடித்து நிறுத்தியது. இலையின் நுனி நீண்டு, தொங்கி, மூடி போட்ட சின்னக் குடமாக ஆகியிருந்தது. பூச்சி வழுக்கி விழுந்தால் உள்ளே இருக்கும் நீர் அதைச் செரித்துவிடும். மேகாலயாவின் காசி மலைச் செடி அது, அவளுடைய மலை. அவர்கள் மொழியில் 'தியூ ரகோட்', பேய்ப் பூ என்றாள். எங்கள் பக்கத்துக் காட்டிலும் இதன் சாதி உண்டு, மலாயில் 'பெரியுக் கெரா' என்பார்கள், குரங்குப் பானை. இருவரும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவள் கண்ணில் நீர் வந்த மாதிரி இருந்தது. சாரலாகவும் இருக்கலாம்.

அப்புறம் ஆட்டோ பிடித்துச் சேர்வராயன் கோயில். 5,326 அடி, மலையின் உச்சி. பெரிய கோபுரம் எல்லாம் கிடையாது, குனிந்து போக வேண்டிய குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். குகை காவேரி வரைக்கும் போகிறது என்றார் பூசாரி. வெளியே மேகம் தரையோடு தரையாக ஓடியது. வெண்ணெய்ப் பழம் விற்ற அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"நாங்க மலையாளிங்க" என்றார்.

"கேரளாவா?"

"கேரளாவ யாரு கண்டா? எங்க பெரியவங்க காஞ்சிபுரத்துலேருந்து வந்தவங்க. மலையில இருக்கறதால மலையாளி. நீ எங்கிருந்து வந்த?"

"மலேசியா."

"அதுவும் மலைதானா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு பழம் கூடுதலாகப் போட்டார்.

ஒரு பஸ்ஸைத் தவறவிட்டோம். அடுத்ததில் நின்றுகொண்டே இறங்கினோம். விடுதி வாசலைத் தொட்டபோது ஏழேகால். வார்டன் அம்மா என் நனைந்த தலையையும், கையில் இருந்த வெண்ணெய்ப் பழப் பையையும், ஷில்லாங்காரியின் காப்பித்தூள் பொட்டலத்தையும் வரிசையாகப் பார்த்தார். "தாரமங்கலத்துல அவ்வளவு குளிராடி?"

மூன்றாம் நாள்

அவுட்பாஸ் இல்லை.

நேற்று எழுதியதைப் படித்த அம்மா கூப்பிட்டுத் திட்டினார். அப்பா பின்னாலிருந்து, "பாட்டிக்கு வளைவு போட்டோ கிடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாள் முழுக்க மழை. துவைத்த துணி காயவில்லை.

எழுத ஒன்றும் இல்லாததால் பழையது ஒன்று. ஆடி முதல் தேதி விடுதிக்குப் பின்னால் இருக்கும் தெருவில் புகை எழும்பியது. என்னவோ எரிகிறது என்று ஓடிப் பார்த்தால், வாசலுக்கு வாசல் நெருப்பு மூட்டித் தேங்காய் சுடுகிறார்கள். தேங்காயின் கண்ணைத் துளைத்துப் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, உள்ளே வெல்லம், எள், பொட்டுக்கடலை, அவல் போட்டு, அழிஞ்சிக் குச்சியின் முனையில் செருகி நெருப்பில் காட்டுகிறார்கள். ஓடு கருகி வெடிக்கும்போது வரும் வாசனைக்கு எந்த ஊர் மொழியிலும் பெயர் இருக்காது. மதுரைத் தோழி ஒருத்தி, "எங்க ஊர்ல இப்படி எல்லாம் இல்லையே" என்றாள். சேலம், நாமக்கல், ஈரோட்டுப் பக்கத்து வழக்கமாம். தமிழ்நாட்டுக்காரியே என்னைப் போல வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

நான்காம் நாள்

ஆத்தூர்க்காரி, என் அறைத்தோழி, தன் அம்மாவை விட்டே வார்டனுக்குப் போன் போட வைத்தாள். போகுமிடம்: ஆத்தூர் பக்கம். காரணம்: தோழி வீடு. ஷில்லாங்காரிக்குக் காய்ச்சல், வரவில்லை. ஏற்காட்டுச் சாரல் மலைக்காரியைத்தான் பிடித்திருக்கிறது.

அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி தாண்டி, புத்திரகவுண்டன்பாளையத்தில் இறங்கச் சொன்னாள். இறங்கித் தலையைத் தூக்கினால், பத்துமலை முருகன்! பொன் நிறம், கையில் வேல். ஒரு நொடி எனக்கு ஊர், நாடு எல்லாம் குழம்பிவிட்டது. தைப்பூசத்துக்கு அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த முருகன் இங்கே எப்படி வந்தார்?

"உங்க ஊர் முருகன் 140 அடி. எங்க முத்துமலை முருகன் 146" என்றாள் ஆத்தூர்க்காரி. இதைச் சொல்வதற்காகவே பத்து மாதம் காத்திருந்தவள் போலச் சொன்னாள். பத்துமலைச் சிலை 2006-ல் வந்தது, இது 2022-ல். இரண்டுமே திருவாரூர்ச் சிற்பி தியாகராஜன் கைவண்ணம்தான். மலேசியா போய்க் கும்பிட முடியாதவர்களுக்காக இங்கே எழுப்பினார்கள் என்றாள். நான் விடுவேனா? "எங்களுக்கு 272 படி இருக்கு. நீங்க பஸ்ஸிலேருந்து இறங்கி நேரா சாமி கும்பிடுறீங்க, இதுல என்ன புண்ணியம்?" என்றேன். அவளிடம் பதில் இல்லை. ஆனால் அந்த ஆறு அடி என்னை என்னவோ செய்தது. அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். "சிரிப்பு நல்லா இருக்கு. நம்ம முருகன் கொஞ்சம் கண்டிப்பானவர்" என்று பதில் வந்தது.

அவள் பெரியப்பா சின்னதாக ஒரு சேகோ மில் வைத்திருக்கிறார். சேகோ என்றால் ஜவ்வரிசி. சீசன் இன்னும் சூடு பிடிக்கவில்லை, எந்திரம் நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் புளித்த மாவு வாடை சுவரிலேயே ஊறியிருந்தது. மரவள்ளிக்கு இங்கே குச்சிக்கிழங்கு என்று பெயர். கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி அரைக்கிறார்கள். வரும் பாலைச் சல்லடையில் வடிகட்டித் தொட்டியில் தேக்கினால், மாவு அடியில் கெட்டியாகப் படிந்துவிடும். அந்த ஈர மாவைக் குலுக்கக் குலுக்க மணி மணியாகத் திரள்கிறது. முன்பு துணித் தூளியில் போட்டு இரண்டு பேர் கையால் குலுக்குவார்களாம், இப்போது எந்திரம். எண்ணெய் தடவிய சூடான தட்டில் வறுத்து, சிமெண்டுக் களத்தில் வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி. மூட்டைக்கு 90 கிலோ. சேலத்தில் இருக்கும் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தில் ஏலம் போகும்.

"பூர்வீகம் எந்த ஊரு கண்ணு?" என்றார் பெரியப்பா.

"சேலம் ஜில்லா." எங்கள் வீட்டில் தலைமுறையாகச் சொல்லிவரும் முகவரி அது ஒன்றுதான். ஊர்ப் பெயர் கிடையாது.

அவர் சிரித்துவிட்டார். "ஜில்லான்னா எங்கன்னு தேடுவ? அப்ப சேலம் ஜில்லா ஓசூர் வரைக்கும் போகும். தருமபுரி 1965-ல பிரிஞ்சது. நாமக்கல் 1997-ல போச்சு. அப்புறம் கிருஷ்ணகிரி வேற. உங்க பாட்டன் கப்பலேறுறப்ப எல்லாம் ஒண்ணு." ஆக நான்கு மாவட்டத்துக்கும் பொதுவில் நான் ஒரு பேத்தி. தேடும் வேலை மிச்சம்.

பிறகு அவர் சொன்ன கதைதான் இன்று என்னைத் தூங்கவிடவில்லை.

ஜவ்வரிசி ஒருகாலத்தில் எங்கள் பக்கத்திலிருந்துதான் இங்கே வந்துகொண்டிருந்தது. ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆனது என்பார்கள். அது கிழங்கு அல்ல. சாகு என்னும் பனை வகை மரத்தின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு, மலேசியாவின் சரவாக்கில் இன்றும் எடுக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் கப்பல் நின்றது, சரக்கு நின்றது. சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்று ஒரு கருவாட்டு வியாபாரி. தொழில் விஷயமாகக் கேரளம் போன இடத்தில் பொபட்லால் ஷா என்பவரைப் பார்க்கிறார். ஷா பினாங்கிலிருந்து வந்தவர், கிழங்கு மாவு எடுக்கும் வித்தை தெரிந்தவர். இருவரும் சேர்ந்து 1943-ல் சேலத்தில் தொழிலைத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்தச் சாலை நெடுக இருக்கும் களங்கள் எல்லாம்.

1943. அதே வருடம் எங்கள் தோட்டத்தில் அரிசி இல்லை. பர்மா அரிசியும் சயாம் அரிசியும் வராமல் மலாயா முழுக்க மரவள்ளியைத் தின்றுதான் உயிர் பிழைத்தது. லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையை, சுற்றிக் காலி இடத்தில் எல்லாம் கிழங்கு நட்டார்கள். கொள்ளுப்பாட்டி மூன்றரை வருடம் அதையே தின்று, யுத்தம் முடிந்த நாளிலிருந்து வீட்டுக்குள் கிழங்கை ஏற்றவில்லை. 'ஜப்பான்காரன் சோறு' என்று அதற்குப் பெயர். பாட்டியும் அப்படியே. அம்மாவும் சமைத்ததில்லை. ஒரே யுத்தம், ஒரே கிழங்கு. அங்கே வீட்டைவிட்டு விரட்டினோம், இங்கே அதை வைத்து வீடு கட்டியிருக்கிறார்கள்.

மதியம் பெரியம்மா தட்டில் வைத்தது என்னவென்று சொல்லவும் வேண்டுமா? வேகவைத்த குச்சிக்கிழங்கு, கடுகு, காய்ந்த மிளகாய், தேங்காய்த் துருவல். இருபது வயதில் முதல் முறையாகச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன். குற்ற உணர்வு வரும் என்று பார்த்தேன், ஏப்பம்தான் வந்தது.

இரவு பாட்டியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை. போன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தபோது கேட்டார்: "எதுல தாளிச்சாங்க?"

ஐந்தாம் நாள்

பெரியம்மா இரண்டு கிலோ ஜவ்வரிசி கட்டிக் கொடுத்திருந்தார். சமையல்கார அக்காவிடம் ஒரு அடுப்பைக் கெஞ்சி வாங்கினேன். ஊரில் நாங்கள் செய்யும் சாகோ குலா மலாக்கா. ஜவ்வரிசியைக் கண்ணாடி போல் வரும் வரை வேகவைத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, சின்னக் கிண்ணங்களில் அழுத்திக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். குலா மலாக்கா என்பது தென்னை வெல்லம், செவ்வாய்ப்பேட்டைக் கடையில் அதற்குப் பதில் கருப்பட்டி கிடைத்தது. (போகுமிடம்: கடை. காரணம்: வெல்லம். இந்த முறை அடிக்கவில்லை.) கருப்பட்டிப் பாகு ஒரு பாத்திரத்தில், உப்புப் போட்ட தேங்காய்ப்பால் ஒரு பாத்திரத்தில். சாப்பிடும்போது கவிழ்த்து மேலே ஊற்றிக்கொள்ள வேண்டும்.

காய்ச்சல் விட்ட ஷில்லாங்காரி மூன்று கிண்ணம் சாப்பிட்டாள். வார்டன் அம்மா ஒரு கிண்ணத்தை அறைக்குக் கொண்டுபோனார், கிண்ணம் மட்டும் திரும்பி வந்தது.

சமையல்கார அக்கா மூன்று பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார்.

"ஏங் கண்ணு, பாயசத்த ஏன் இப்படிப் பிரிச்சுப் பிரிச்சு வெச்சிருக்க?"

நான் விளக்கத் தொடங்குவதற்குள் மிச்சமிருந்த மூன்றையும் ஒரே சட்டியில் கொட்டி, அடுப்பில் ஏற்றி, இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டு, டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

"இப்பக் குடி."